கல்லடிப் பாலத்தின் நூறு ஆண்டு

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் வாவிக்கு மேலாக இணைக்கும் இரும்புப் பாலம் 1924இல் பிறந்தது. அப்போது இலங்கையின் ஆளுநர் வில்லியம் மனிங். அவருடைய மனைவியின் பெயரால் ‘லேடி மனிங் பாலம்’ என்று பெயர் வைத்தார்கள். ஊர்ச்சனம் கல்லடிப் பாலம் என்றே சொல்லிக்கொண்டது.

வாவியின் பாட்டு பாலத்துக்கும் மூத்தது. 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், நீருக்கடியிலிருந்து எழும் இசையைத் தோணியில் இருந்து கேட்டு எழுதிவைத்தார். துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். பாடுவது மீனா, ஊரி என்னும் நத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் பாலம் எழுந்த பிறகு, பாடும் மீனைத் தேடி வருகிறவர்களுக்கெல்லாம் அதுவே முகவரியாகிவிட்டது.

பாலத்துக்கு வாய்த்தது சுமக்கும் பிழைப்பு. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, பொத்துவில், கல்முனை என்று சுற்றிவரும் ஏ4 நெடுஞ்சாலை, மட்டக்களப்பு நகருக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான். காத்தான்குடி வியாபாரியின் சரக்கும் கல்முனை பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும் இந்த ஒடுங்கிய பாலத்தையே நம்பியிருந்தன. ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கம் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் இந்தக் காத்திருப்போடு சோதனைச் சாவடியும் சேர்ந்துகொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நாவலடி, டச்பார், கல்லடிக் கரைகளைச் சூறையாடியபோதும் பாலம் விழவில்லை.

2013 மார்ச்சில் ஜப்பானிய உதவியோடு கட்டிய புதிய அகலப் பாலம் அருகிலேயே திறக்கப்பட்டது. லொறியும் பஸ்ஸும் அங்கே மாறின. சுமை இறங்கிய பழைய பாலம் நடப்பவர்களுக்கு உரியதாயிற்று. வேகமாகக் கடக்கத் தோன்றிய இடத்தில் இப்போது சனம் மெதுவாக நடக்கிறது. பின்னேரத்தில் காற்று வாங்குகிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியில் வலை வீசுவதைப் பார்க்கிறது. எண்பத்தொன்பது ஆண்டுகள் வாகனங்களைச் சுமந்தபோது கிடைக்காத நெருக்கம் இது.

உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. நூறு வயதைத் தாண்டிய பாலத்துக்கு விழா எடுப்பதைவிட, துருவைச் சுரண்டி, காலாகாலத்தில் வர்ணம் பூசி, கழன்ற ஆணிகளை இறுக்குவதே உண்மையான மரியாதை. பொறுப்பில் உள்ளவர்கள் அதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.