தந்திக்காரரின் காதலும் ஒரு நதியும்

 

மகள் வாங்கித் தந்த ஒரு ஆங்கில நாவலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பது நாளில் படித்து முடித்தேன். கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1985-இல் ஸ்பானிய மொழியில் எழுதிய 'காலரா காலத்தில் காதல்'.

தந்தி ஆபீஸில் வேலை பார்க்கும் ஃப்ளோரென்டினோவும் பெர்மினா என்ற பள்ளி மாணவியும் கடிதம் எழுதியே காதலிக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் அப்பா அவளை வெளியூருக்குக் கூட்டிப் போய்விடுகிறார். திரும்பி வந்தவள் அவனை நேரில் பார்த்ததும் மனம் மாறி, பிறகு ஒரு டாக்டரை மணக்கிறாள். அவன் 51 ஆண்டு, 9 மாதம், 4 நாள் காத்திருக்கிறான்.

இதில் பாதி நடந்த கதை. மார்க்கேஸின் அப்பாவே தந்தி ஊழியர்தான். அம்மா லூயிசா ஒரு கர்னலின் மகள். அந்தக் கர்னல் 1899 முதல் 1902 வரை நடந்த 'ஆயிரம் நாள் போரில்' லிபரல் கட்சிப் பக்கம் நின்றவர். மாப்பிள்ளையோ எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ். பெண்ணைத் தாயோடு ஊர் ஊராக அனுப்பினார்கள். வழியிலிருந்த தந்தி ஊழியர்களோ தங்கள் நண்பனின் செய்தியை அவளிடம் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்! 1926-இல் கல்யாணம் நடந்தது. மறு வருஷம் மார்க்கேஸ் பிறந்தார்.

நிஜத்தில் சேர்ந்தவர்களை நாவலில் ஏன் முதுமை வரை பிரித்து வைத்தார்? கடைசிப் பகுதியில் எனக்கு விடை கிடைத்தது. எழுபதைத் தாண்டிய இருவரும் மக்தலேனா நதியில் கப்பலில் போகிறார்கள். அவனுக்குப் பொய்ப்பல், வழுக்கை. தன் உடம்பில் வயோதிக வாடை வீசுமோ என்று அவளுக்குக் கூச்சம். இளமை திரும்பவில்லை. நதியும் பழைய நதியாக இல்லை. கரையில் காடு இல்லை, முதலைகள் இல்லை. நீராவிக் கப்பல்களுக்கு விறகாக வெட்டியே காட்டை அழித்துவிட்டார்கள். அந்தக் கப்பல் கம்பெனியின் தலைவர் யார் தெரியுமா? காத்திருந்த அதே ஃப்ளோரென்டினோதான்! ஒரு முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தவர், தன் கப்பல்கள் எரித்த காட்டைக் கவனிக்கவே இல்லை.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

"அந்தக் காலத்தில் பிள்ளைகளை எவ்வளவு ஒழுக்கமாக வளர்த்தோம்!" என்று இங்கே நானும் அடிக்கடி எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவனின் கடிதத்தைப் பிடுங்கி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்துக் கிழித்துப் போட்டதை ஒருநாளும் எழுதியதில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அன்று நான் அந்தக் கர்னலைவிடக் கடுமையாக இருந்தேன். கர்னல் கடிதத்தை ஊருக்குப் படித்துக் காட்டவில்லையே.

தம்பி, உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. கேட்க இவ்வளவு வருஷம் ஆகிவிட்டது.

மற்றவர்கள் வாய்ப்பிருந்தால் இந்த நாவலைப் படியுங்கள். அவசரமில்லை, மெதுவாகப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்