தவளை முதல் மூலக்கூறு வரை



நான் படித்தது இயற்பியல், பிழைப்பது பொறியியல். "உனக்கும் உயிரியலுக்கும் என்னடே சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கு.

நம்ம மாவட்டத்துக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் மாறிக்கொண்டே வந்தது. 1937-ல் திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் சென்னை, 1966-ல் பிறந்த மதுரை, 1990-ல் பிறந்த மனோன்மணியம் சுந்தரனார். கூடவே உயிரியல் பாடமும் மாறியது.

பழைய பாடம் கண்ணும் கையும் சார்ந்தது. செடி சேகரிப்பு, பெயர் கண்டுபிடிப்பு, தவளை அறுப்பு. சென்னையில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசிகளை ஆராய்ந்து பெயர் பெற்றதும் அந்த வழியில்தான்.

1954-ல் அதே சென்னைப் பல்கலைக்கழகத்தில், இயற்பியல் துறையிலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதத்தின் முச்சுருள் அமைப்பைச் சொன்னார்கள். ராமச்சந்திரன் பெங்களூரில் முதலில் சேர்ந்தது மின்பொறியியலில்! சர் சி.வி. ராமன்தான் இயற்பியலுக்கு இழுத்தார். புரத அமைப்பைச் சரிபார்க்க, 1963-ல் வெளிவந்த அவருடைய வரைபடத்தைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது.

மதுரையில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார். பிறகு உயிரித் தொழில்நுட்பமும் வந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ நம்ம ராஜாக்கமங்கலத்திலேயே கடல் அறிவியல் மையம் வைத்திருக்கிறது.

2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் பாடத்தில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. நல்ல காரியம், தவளை பிழைத்தது. ஆனால் கத்தியைக் கீழே வைக்கும்போது கண்ணையும் மூடிவிடக் கூடாது. 2022-ல் வேம்பனூரும் சுசீந்திரம்-தேரூரும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே வரும் பறவையை, வயலில் கத்தும் தவளையைப் பேர் சொல்லி அடையாளம் காட்ட ஆள் வேண்டாமா? பேர் தெரியாத உயிர் அழிந்தால், அழிந்ததுகூட நமக்குத் தெரியாது.

மூலக்கூறு படிக்கும் தம்பி தங்கைகளே, குளக்கரைக்கும் போங்கள். இயற்பியல், கணிதம் படிப்பவர்களும் கூடப் போங்கள்; ராமச்சந்திரன் காட்டிய வழி அதுதான். நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு குளக்கரை வகுப்பு நடத்தட்டும். பைனாகுலர் செலவு என் பங்கு.