கணவாய் கடந்த காளைகள்

சித்திரைத் திங்களில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையைக் குடும்பத்தோடு காணவேண்டும் என்பது நமது நெடுநாள் அவா. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பெரியப்பாவின் இல்லத்தில் தங்கி, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு, விடியற்காலையில் பொள்ளாச்சி, தாராபுரம் வழியே புறப்பட்டோம். பிற மாநிலங்களில் குழந்தைகளை வளர்க்கும் நேயர்கள் நம் நிலையை அறிவார்கள். நம் மகள் மாட்டைப் பால் உறையின் மேலுள்ள படத்திலேதான் மிகுதியும் கண்டிருக்கிறாள்.

கண்ணபுரம், காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் இடையே ஓலப்பாளையத்தை அடுத்துள்ள சிற்றூர். மாரியம்மன் தேர்த் திருவிழாவை ஒட்டிச் சந்தை கூடுகிறது. வந்து நிற்பவை பெரும்பாலும் காங்கேயம் இனத்தவை. இவ்வினத்துக் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு திங்களில் சாம்பல் நிறம் பெறும். காளையாயின் தலை, கழுத்து, திமில் ஆகியவற்றில் கருமை ஏறும். மயிலைப் பசுவின் அருகே செவலைக் கன்று நிற்கக் கண்ட மகள், கன்று வேறு யாருடையதோ என்று ஐயுற்றாள்! ஒருபுறம் பல்லைப் பிடித்து வயது பார்க்கிறார்கள்; மறுபுறம் சுழி பார்க்கிறார்கள். தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். தொகை இருவருக்கன்றி மூன்றாமவருக்குத் தெரியாது.

இவ்வினத்தின் சிறப்புக்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் தேர்ந்தெடுத்த வளர்ப்பு பெருங்காரணம். அதற்கு நிகரான காரணம் கொறங்காடு. மழை குறைந்த மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்தி, முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி அமைத்து மாடுகளை உள்ளே விட்டுவிடுவார்கள். காவலாளி வேண்டுவதில்லை. வறண்ட நிலத்தை இதைவிடச் சிக்கனமாக ஆண்ட முறை வேறு உண்டோ, நாம் அறியோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயில் திறந்தாற்போன்றது பாலக்காட்டுக் கணவாய். கிழக்கேயிருந்து உழவு மாடுகளும் வண்டி மாடுகளும் அதன் வழியே மலையாள நாட்டுக்குச் சென்றன. கிழக்கே பொள்ளாச்சியிலும் மேற்கே ஒற்றப்பாலத்தை அடுத்த வாணியங்குளத்திலும் பெருஞ்சந்தைகள் தழைத்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் பாலக்காடு கேரளத்தோடு இணைந்தது. மாடுகள் அந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை.

இன்றைய இடுக்கி மாவட்டத்து மலைப்பகுதியில் கதை வேறு வழியிற் சென்றது. கேரளம் 1961-இல் கால்நடை அபிவிருத்திச் சட்டம் இயற்றி, உரிமம் பெறாத நாட்டுக் காளைகளுக்கு விதையடிக்க வகை செய்தது. 1963-இல் மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கிற்று. சுவிஸ் நாட்டுப் பழுப்புக் காளையோடு நாட்டுப் பசுவைக் கலந்து, பின்னர் 'சுநந்தினி' என்னும் இனம் உருவாயிற்று. பால் பெருகியது, ஏழைக் குடும்பங்கள் பயனடைந்தன. அதை நாம் குறை கூறோம். ஆயினும் வெச்சூர்ப் பசு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1989-இல் மண்ணுத்தியில் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்திராவிடில் இன்று அது வெறும் பெயராகவே இருந்திருக்கும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1932 முதல் நடைபெறும் கால்நடைக் கண்காட்சியில் காளைமேல் எட்டு வினாடி அமர்ந்திருப்பதே வீரம். அங்குள்ள பிராமன் இனத்தின் திமில் நம் ஓங்கோல், கிர் மாடுகள் அளித்த சீதனம் என்பதைப் பலர் அறியார். நம் கொங்கு நாட்டிலோ ரேக்ளா வண்டி ஓட்டம். பாலக்காட்டுச் சேற்று வயல்களில் காளைப்பூட்டு. 2014 மே 7-இல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. மாட்டுக்குத் துன்பம் இழைக்கப்பட்ட இடங்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஜல்லிக்கட்டுக்காகத் தமிழகம் 2017-இல் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. டிராக்டர் ஏரைப் பறித்துக்கொண்ட பின், காளையை வளர்க்க உழவனுக்கு எஞ்சிய காரணங்கள் மிகச் சில. போட்டி அவற்றுள் ஒன்று.

மாலையில் திரும்புகையில், பொள்ளாச்சிக்கு மேற்கே மாடுகளை ஏற்றிய லாரி ஒன்று நமக்கு முன்னே சென்றது. அது எங்கே போகிறது என்று மகள் வினவினாள். பெரியப்பா சற்றுப் பொறுத்து, "முன்னெல்லாம் இந்த வழியாப் போன மாடு உழுவப் போச்சு, கண்ணு" என்றார்.

"இப்போது?" என்றாள்.

அவர் சாளரத்துக்கு வெளியே பார்த்தார். லாரி கணவாய் நோக்கித் திரும்பிற்று.