பீடோர்ப் பாதைகளும் நான்கு சக்கர விசையும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், வடக்கே தாப்பாவுக்கும் தெற்கே சுங்காய்க்கும் நடுவே, கிழக்கில் தித்திவங்சா மலைத்தொடர் அரணாக எழுந்து நிற்க, மேற்கில் தெலுக் இந்தான் வரை தாழ்ந்து செல்லும் சமவெளியில் அமைந்த பீடோர் என்னும் சிறு நகரத்தை, அவ்வழியே பிரயாணம் செய்கிறவர்கள் கொய்யாப் பழத்துக்காகவும் வாத்து மீக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆயினும் அதன் சரித்திரத்தைப் பாதைகளைக் கொண்டு ஆராயப் புகுகிறவனுக்கு, இங்கே ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வகைப் பாதைகள் நெடுங்காலம் அருகருகே இருந்து வந்தது முதலில் புலப்படும். ஒன்று, வடக்குத் தெற்காக ஓடிய அரசாங்கத் தார்ச்சாலை. மற்றது, அதிலிருந்து கிளைத்து ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் மலையடிவாரக் கிராமங்களுக்கும் சென்ற செம்மண் பாதை. இயந்திரத்தின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் செலுத்துகின்ற வாகனம் இவ்வட்டாரத்துக்கு வந்ததும், நித்திய உபயோகத்துக்குரிய சாதனமாக விளங்கியதும், பிறகு அந்த ஸ்தானத்தை இழந்ததும் இவ்விருவகைப் பாதைகளுக்கும் இடையே இருந்த பேதத்தால் நேர்ந்தவையே.

1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒரு சில கன்றுகளோடு பேராக்கில் காலூன்றிய ரப்பர், இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் காடுகளை அழித்துக்கொண்டு பெருந்தோட்டங்களாகப் பரவியது. கங்காணிகளின் வாயிலாகத் தமிழகத்தின் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த மக்களில் பெரும்பாலோர் அத்தோட்டங்களின் லயங்களுக்குச் சென்றார்கள். வேறு சிலர் அரசாங்க மராமத்து இலாகாவில் சேர்ந்து, கல் உடைத்துப் பரப்பி, தார் காய்ச்சி ஊற்றிச் சாலை போட்டார்கள். ஆனால் அவர்கள் போட்ட சாலை தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருந்தது தோட்ட நிர்வாகத்தின் சொந்தப் பாதை. அதில் தார் ஊற்றச் செலவிடுவதைக் காட்டிலும், மழைக்குப் பிறகு சேற்றில் அழுந்திய வண்டியைத் தள்ளுவதற்குப் பத்து ஆட்களை அனுப்புவது மலிவு என்று கருதிய காலம் அது.

அந்த மலிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. வைகறையில் வெட்டிய மரத்திலிருந்து வடிகின்ற பால் சில மணி நேரத்துக்குள் உறையத் தொடங்கிவிடும். அமோனியாவைக் கலந்து அதனைச் சற்றுத் தாமதப்படுத்தலாமேயன்றித் தவிர்க்க இயலாது. ஆகவே, தொழிலாளிகள் காண்டா என்னும் காவுதடியின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்து, நிறுவைக் கொட்டகையில் ஊற்றிய பாலை மாட்டு வண்டியிலோ லோரியிலோ ஏற்றி ஸ்டோர் என்னும் தோட்டத்து ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காலத்தோடு நடத்த வேண்டிய பந்தயமாகவே இருந்தது. மேற்குக் கரையில் ஆண்டுக்கு இரு பருவங்களில், அதாவது ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், பிற்பகல் தோறும் இடியோடு கொட்டுகிற மழை அந்தப் பந்தயத்தில் எப்போதும் எதிர்க்கட்சியிலேயே இருந்தது.

நல்ல சாலை நல்லவர்களுக்கு மாத்திரம் பயன்படுவதில்லை என்பதை 1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி இப்பகுதி மக்கள் கண்டுகொண்டார்கள். கம்பாரிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படைகள் பீடோருக்குத் தெற்கே துரோலாக், சிலிம் ரிவர் பகுதியில் காத்து நின்றபோது, ஜப்பானியரின் டாங்கிகள் அந்தப் பிரதான சாலையின் வழியாகவே இரவின் இருளில் ஊடுருவி அவற்றைச் சிதற அடித்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில், பீடோருக்குக் கிழக்கேயுள்ள மலைக்காட்டில் பிளந்தான் என்னுமிடத்தில், பிரிட்டனின் ஃபோர்ஸ் 136 என்னும் இரகசிய அமைப்பைச் சேர்ந்த அதிகாரிகளும் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்பு ராணுவத்தாரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். எந்தச் சக்கரமும் ஏற முடியாத இடம் என்பதே அவ்விடத்தின் பாதுகாப்பாக இருந்தது. யுத்தம் முடிந்து 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 1941 முதல் லட்சக்கணக்கில் உற்பத்தியான ஜீப் வண்டியும் அவர்களோடு வந்தது. மலாயாவின் செம்மண் நான்கு சக்கர விசையைப் பரவலாக அறிந்துகொண்டது அந்த வண்டியின் மூலமாகத்தான்.

ஆயினும் தோட்டத்தின் நித்திய வாழ்க்கையில் நிலைபெற்றது ஜீப் அன்று. அதனைப் பார்த்து இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்னும் பொறியாளர் தம் பண்ணை அனுபவத்தைக் கொண்டு உருவாக்கிய லேண்ட்ரோவர்தான். யுத்தத்துக்குப் பிந்திய எஃகுப் பஞ்சத்தால் அதன் உடல் அலுமினியக் கலவைத் தகட்டால் ஆயிற்று. ஈரம் வற்றாத நம் சீதோஷ்ணத்தில் அந்தப் பஞ்சமே ஓர் அனுகூலமாக முடிந்தது. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்ட வேண்டிய நெருக்கடியில் பிறந்த வாகனம் அது. அதே நெருக்கடியில் டாலரை வாரிக் கொடுத்துப் பிரிட்டனைத் தாங்கியவை மலாயாவின் ரப்பரும் ஈயமும். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் முதன்முதலாக வைக்கப்பட்டது. ஜூன் 16-ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 ஜூலை 31 வரை நீடித்த அப்பன்னிரண்டு ஆண்டுகளில், போலீஸ், ராணுவம், தோட்டம் ஆகிய மூன்று அதிகாரங்களுக்கும் நான்கு சக்கர விசை பொதுவான வாகனமாயிற்று. சீனக் குடியானவர்களைப் பீடோரின் கோல்டுஸ்ட்ரீம் போன்ற புதுக்கிராமங்களிலும், தோட்டத் தொழிலாளரை முள்வேலியிட்ட லயங்களிலும் ஒன்றுதிரட்டிக் காவல் காத்த அந்நாளில், மண் பாதையில் சிக்கி நிற்கும் வண்டி நேரத்தை மட்டுமன்றி உயிரையும் இழக்கச் செய்வதாக இருந்தது.

இவ்விடத்தில் அவ்வாகனத்தின் உட்புறத்தைச் சற்று விளக்குவது அவசியம். வண்டி வளைவில் திரும்பும்போது, முன் சக்கரங்கள் வரைகின்ற வளைகோடு பின் சக்கரங்களின் கோட்டைக் காட்டிலும் நீளமானது. ஆதலால் முன் சக்கரங்கள் அதிகமாகச் சுழல வேண்டும். இரண்டு அச்சுகளையும் விறைப்பாகப் பிணைத்துவிட்டால், சேற்றிலே சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். உலர்ந்த தாரிலோ வழுக்க இடமில்லாமல், தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறி, டயர் தேய்ந்து, ஸ்டியரிங் கனத்துப்போகும். 1948-இல் வந்த முதல் லேண்ட்ரோவர்களில் நான்கு சக்கர விசை எப்போதும் இயங்கியது. வளைவில் முன் சக்கரங்கள் முந்திச் சுழல்வதற்கு இடங்கொடுக்கும் ஒரு பொறியையும் உடன் வைத்திருந்தார்கள். 1950-இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, சாதாரணமாகப் பின் சக்கரங்களே ஓட்டும்படியும், வேண்டும்போது மாத்திரம் ஓட்டுநர் முன் சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளும்படியும் மாற்றிவிட்டார்கள்.

அதன்பின் மண்ணுக்கும் தாருக்கும் நடுவே தீர்ப்பு வழங்குகிற பொறுப்பு, பெரும்பாலும் தமிழராகவோ மலாய்க்காரராகவோ இருந்த தோட்டத்து டிரைவரின் கைக்கு வந்து சேர்ந்தது. கியர்த் தடிக்கு அருகே மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புத் தலையுடைய தடி ஒன்றும் இருந்தன. மஞ்சளைக் கீழே அமுக்கினால் நான்கு சக்கர விசை சேரும். ஓடிக்கொண்டே அதைச் செய்யலாம். ஆனால் அதிலிருந்து விடுபட வேண்டுமானால், வண்டியை நிறுத்தி, சிவப்புத் தடியைத் தாழ்ந்த கதிக்கு இழுத்து, மீண்டும் முன்னே தள்ள வேண்டும். அப்போதுதான் மஞ்சள் குமிழ் மேலே எழும்பும். ஆகவே, செம்மண் பாதை தார்ச்சாலையைத் தொடுகின்ற தோட்டத்து வாசலில், சம்பளப் பணம் எடுக்கப் போகிற கிராணியையோ, தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நோயாளியையோ ஏற்றிவந்த வண்டி ஒரு கணம் நின்றே புறப்பட வேண்டியிருந்தது. எங்கே அதைப் போடுவது என்பதினும் எங்கே எடுப்பது என்று அறிந்திருப்பதே நல்ல டிரைவரின் லட்சணம்.

தாப்பாவிலிருந்து 1931-இல் திறக்கப்பட்ட மலைச்சாலையின் உச்சியிலுள்ள கேமரன் மலையில் இந்த லட்சணம் இன்றும் மறையவில்லை. 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தைச் சூழ்ந்த அம்மலைச் சரிவுகளில், ராணுவம் கழித்துவிட்ட பழைய லேண்ட்ரோவர்கள் தமிழ், சீன விவசாயிகளின் கைகளுக்கு மாறி, முட்டைக்கோஸையும் தக்காளியையும் சுமந்துகொண்டு செங்குத்தான தடங்களில் ஏறி இறங்குகின்றன. பீடோருக்குக் கிழக்கே செமாய் பூர்வகுடி மக்களின் கிராமங்களுக்குச் செல்கிற வழிகளிலும், ரப்பரை அகற்றிவிட்டு வந்த செம்பனைக் காடுகளிலும் அவசியம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குன்றும் என்பதால், பழைய பந்தயம் வேறு பயிரோடு தொடர்கிறது.

நகரத்தின் கதை வேறு திசையில் சென்றது. 1970-இல் வெளிவந்த ரேஞ்ச்ரோவர், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒரு வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதியை வைத்து, நான்கு சக்கர விசையைத் தார்ச்சாலையிலும் எந்நேரமும் பயன்படுத்தலாம் என்று நிரூபித்தது. அதே தத்துவத்தை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் கொண்டுவந்தது 1998-இல் மலேசியாவின் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட கெம்பாரா. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1994-இல், வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை பீடோருக்கும் ஒரு வாயிலை வைத்து முழுமையடைந்திருந்தது. நித்தமும் உபயோகிப்பதற்கு ஏற்ற நான்கு சக்கர விசை கைக்கு எட்டிய காலத்தில், நித்திய உபயோகத்தில் அதற்கு இருந்த தேவை அகன்றுவிட்டது. 2018 டிசம்பரில் சீனாவிலிருந்து இறக்குமதியாகி வந்த புரோட்டோன் எக்ஸ் 70 வாகனத்தில் நான்கு சக்கர விசையுடைய ஒரு வகையும் இருந்தது. 2020-இல் அதே வாகனத்தை, பீடோரிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் இருக்கும் தஞ்சோங் மாலிம் ஆலையில் பொருத்தத் தொடங்கியபோது அவ்வகை விடுபட்டது. உயர்ந்த தோற்றமும் அகன்ற டயரும் நிலைக்க, முன் சக்கரங்களே வண்டியை இழுத்தன.

இதனை வீழ்ச்சி என்று வருந்துவதற்கு நியாயமில்லை. மழை நாளில் நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்புவதற்கு உதவுமேயன்றி நிறுத்துவதற்கு உதவாது. நிறுத்துவது டயரின் பிடிப்பும் ஓட்டுநரின் நிதானமுமே. நாள்தோறும் தாரில் ஓடுகிறவர் அவ்விசைக்காகச் செலவிடும் பணத்தை நல்ல டயருக்குச் செலவிடுவது விவேகம். அதனை அன்றாடம் வேண்டி நிற்கிறவர்களோ பெரும்பாலும் புது வாகனம் வாங்க வசதியற்று, பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுகிற குடியானவர்கள். அவ்விசை இன்று பெரும்பாலோருக்கு அநாவசியமாகிவிட்டது என்றால், அதற்குரிய பெருமையை வாகனங்களைச் செப்பனிட்ட பொறியாளர்களுக்கு மட்டும் சேர்ப்பது முறையன்று. வெயிலில் கல் உடைத்துத் தார் ஊற்றிய மராமத்து இலாகாத் தொழிலாளிகளே அதில் பெரும்பங்குக்கு உரியவர்கள். லேண்ட்ரோவரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் உண்டு. அத்தொழிலாளிகளுடைய உழைப்பின் வரலாற்றையும் அதே சிரத்தையோடு எழுத வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.