சினைப்பையைத் தூண்டிய கல்கத்தா மருத்துவர்

சோதனைக்குழாய்க் குழந்தை என்றதும் இங்கிலாந்தின் லூயிஸ் பிரவுன்தான் நினைவுக்கு வரும். அவள் பிறந்தது 1978 ஜூலை 25. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். அதற்குக் காரணமானவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் இயற்கையாக முதிர்ந்த ஒரே கருமுட்டையை எடுத்தார்கள். சுபாஷோ, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்த ஹார்மோனை ஊசியாகப் போட்டுச் சினைப்பையைத் தூண்டி, ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளைப் பெற்றார். உருவான கருவை 53 நாட்கள் உறைய வைத்திருந்து, பிறகே கருப்பையில் வைத்தார். இன்று ஊர் ஊராக நடப்பது இதுதான்! (ஹார்மோனுக்கும் மசியாத, முட்டை குறைந்துபோன சினைப்பைகளுக்கு, பெண்ணின் சொந்த இரத்தத்திலிருந்து எடுத்த தட்டணு மிகுந்த பிளாஸ்மாவை ஊசியாகப் போடும் முறையைக் கிரேக்க மருத்துவர்கள் 2016-ல் அறிவித்தார்கள். 2024-ல் வெளியான ஓர் ஒப்பீட்டுச் சோதனையில் அதனால் கூடுதல் முட்டை கிடைக்கவில்லை. ஆனாலும் இந்தியாவில் அந்த ஊசி போடப்பட்டு வருகிறது.)

சுபாஷுக்கு நடந்தது நேர் எதிர். 1978 நவம்பரில் மாநில அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்பவில்லை. ஜப்பான் சென்று தன் ஆய்வை விளக்க அனுமதி கிடைக்கவில்லை. ஹார்மோன்களை ஆராய்ந்தவரை 1981-ல் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள்! ஜூன் 19 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6-ல் பம்பாயில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சாதனைக்கு உரிய விஞ்ஞானி டி.சி.ஆனந்த குமார், 1997-ல் சுபாஷின் குறிப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டு, முதலிடம் தனக்கல்ல, அவருக்கே என்று எழுதினார். துர்கா அப்போது இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.