மிளாக் கொம்பும் ஒரு சவரக்கத்தியும்

தில்லியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடைபாதைச் சந்தையில் பழைய சாமான்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு மடக்குச் சவரக்கத்தி கையில் சிக்கியது. அலகில் 'ஷெஃபீல்டு' என்று முத்திரை. தாத்தாவிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் அதன் கைப்பிடி எருமைக் கொம்பு. இது மான்கொம்பு, மரப்பட்டை போலச் சொரசொரப்பு.

கூட வந்த மகள் கேட்டாள்: "அப்பா, இதுக்காக மானைக் கொன்னாங்களா?"

சட்டென்று பதில் வரவில்லை.

எருமைக் கொம்பு நம் நகம் போன்ற பொருள். சூடாக்கினால் இளகும், தட்டையாக்கலாம். மான்கொம்பு எலும்பு, அப்படியெல்லாம் வளைந்து கொடுக்காது. ஆண்மானின் தலையிலிருந்து தானாக உதிர்ந்து, மறுபடி முளைக்கும்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திகளுக்குப் பேர்போனது. அலகை அங்கேயே செய்தார்கள். கைப்பிடிக்கு உலகம் முழுக்கத் தேடினார்கள். யானைத் தந்தம், ஆமை ஓடு, எருமைக் கொம்பு, அப்புறம் இந்திய மான்கொம்பு. ஐரோப்பிய மான்களைவிட நம் கடமான் கொம்பில் (எங்கள் குமரி மாவட்டத்தில் மிளா என்போம்) கெட்டியான வெளிப்பகுதி அதிகம், நடுவில் பஞ்சு மாதிரியான பகுதி குறைவு.

இருந்தாலும் சவரக்கத்திக்கு அது சுலபமில்லை. சுமார் ஆறு அங்குல நீளத்தில் இரண்டு மெல்லிய பட்டைகள் வேண்டும். கொம்போ வளைந்தது. நேரான துண்டாகத் தேடி, நீளவாக்கில் அறுத்து, உள்பக்கத்தை அராவி, வெளிப்பக்கச் சொரசொரப்பை விட்டுவைத்து, பித்தளை ஆணியால் இணைக்க வேண்டும். அடிமுனையில் ஒரு சின்ன ஆப்பு, மடக்கும்போது அலகு பட்டையில் உரசாமலிருக்க. அதனால்தான் பேனாக்கத்திகளில் மான்கொம்பு ஏராளம், சவரக்கத்திகளில் அபூர்வம்.

பிறகு மலிவான செல்லுலாய்டு கைப்பிடி வந்தது. 1903-ல் ஜில்லெட் விற்றது வெறும் 51 ரேசர்கள். அடுத்த வருடமே சுமார் 90,000. மடக்குக் கத்தியின் காலம் மெல்ல முடிந்தது.

இங்கே 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் உதிர்ந்த கொம்பு ஏற்றுமதி சில காலம் நடந்து, 1990-களின் கடைசியில்தான் நின்றது.

உதிர்ந்ததைப் பொறுக்கினால் என்ன தப்பு என்று நானும் நினைத்ததுண்டு. முள்ளம்பன்றிகள் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும் கொம்பு அது என்பது ஒரு பக்கம். இன்னொன்று இதைவிட முக்கியம். முழுக் கொம்பென்றால் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்: தானாக உதிர்ந்ததா, மண்டையோட்டோடு வெட்டியதா என்று. பட்டையாக அறுத்து மெருகேற்றிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். உதிர்ந்த கொம்புக்கு விலை வைத்தால், உயிரோடு நிற்கும் மிளாவின் தலைக்கும் விலை வைத்ததாகிவிடும்.

கடைக்காரர் விலையை இரண்டு முறை குறைத்தார். கத்தியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

"தெரியலம்மா," என்றேன் மகளிடம். "இதைப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. அதான் வாங்கல."