தாள்ளப்பாக்கத்துத் தந்தையும் மைந்தரும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் திருமலைக்குச் சென்று வராத குடும்பம் ஒன்றேனும் உண்டோ? குழந்தைக்கு முடி இறக்க, திருமணப் பத்திரிகையை ஏழுமலையான் திருவடியில் வைக்க, வேலை கிடைத்த நன்றியைச் செலுத்த என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மலையேறாதவர் நம்மிடையே அரியர். தரிசனம் முடிந்து உண்டியலில் காணிக்கை செலுத்தியதும், லட்டுப் பிரசாதத்தின்மேல் நம் நினைவு சென்றுவிடுகிறது. அவ்வுண்டியலுக்கு எதிரே ஒரு சிறிய அறை உண்டு என்பதையும், அதன் வாயிலில் இருவர் உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டிருப்பதையும் கவனிப்பவர் சிலரே.

அவ்வறைக்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். தாள்ளப்பாக்கத்தார் அறை என்றும் வழங்குவர். சிலையாக நிற்கும் இருவருள் ஒருவர் தந்தை. மற்றவர் அவருடைய மகன். தந்தை பாடினார், மகன் அப்பாட்டைக் காத்தார். இவ்விரு செயல்களுள் எது பெரிது என்னும் வினா என் உள்ளத்தில் நெடுநாளாக இருந்து வருகிறது. அவ்வினா எழுந்த காரணத்தைக் கட்டுரையின் முடிவில் கூறுவேன்.

தந்தையின் வரலாறு

ரேணிகுண்டாவிலிருந்து கடப்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், கோடூரைக் கடந்து சென்றால் ராஜம்பேட்டை நிலையம் வரும். அதனருகே உள்ளது தாள்ளப்பாக்கம் என்னும் சிற்றூர். அங்கே நாராயண சூரிக்கும் லக்கமாம்பாவுக்கும் மகனாக 1408-ஆம் ஆண்டு தோன்றியவர் அன்னமாச்சாரியார். தெலுங்கு மக்கள் அவரை அன்னமய்யா என்று உரிமையோடு அழைப்பர்.

இளமையில் அவருக்கு வீட்டு வேலைகளில் மனம் செல்லவில்லை. புல்லறுக்கச் சென்றவர் அரிவாளால் விரலை அறுத்துக்கொண்டார் என்றும், அவ்வழியே பாடிச் சென்ற யாத்திரிகர் கூட்டத்தோடு சேர்ந்து திருமலைக்குப் போய்விட்டார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. மலையேறும் வழியில் பசியால் களைத்துப் படுத்த சிறுவனுக்கு அலமேலுமங்கைத் தாயாரே வந்து அமுதூட்டினாள் என்பதும் அவ்வரலாற்றில் உள்ள செய்தியே. பின்னர் அவர் வைணவ தீட்சை பெற்றார். அகோபிலத்தில் சடகோப முனிவரிடம் வேதாந்தம் பயின்றார். நம் ஆழ்வார்கள் பாடிய பாசுரங்களின் பக்தி நெறி அங்கேதான் அவர் நெஞ்சில் ஆழ வேரூன்றியது. அவர் பாடிய மொழி தெலுங்கு. ஆயினும் இறைவனைத் தலைவனாகவும் தன்னைத் தலைவியாகவும் வைத்துப் பாடும் முறையைக் கேட்கும்போது, நம்மாழ்வாரையும் ஆண்டாளையும் அறிந்த தமிழ்ச் செவிக்கு அது அயல்வீட்டுக் குரலாகத் தோன்றுவதில்லை.

பாகாலாவிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் வருவோர் வழியில் காணும் சந்திரகிரிக் கோட்டைக்கும் இக்கதையில் இடம் உண்டு. சந்திரகிரியை ஆண்டு, பின்னர் விசயநகர அரியணையிலும் ஏறிய சாளுவ நரசிம்மர், அன்னமய்யாவின் பாட்டில் மயங்கி, தம்மீதும் அவ்வாறே ஒரு பாட்டுப் பாடுமாறு வேண்டினார். அரியைப் பாடிய வாயால் அரசனைப் பாடேன் என்று அவர் மறுத்துவிட்டார். அரசர் சினந்து விலங்கிட்டார். அவர் பாட, விலங்கு கழன்று வீழ்ந்தது என்பர். விலங்கு கழன்ற அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அரசனுக்கு முன்னே அஞ்சாமல் மறுத்த நெஞ்சுறுதியை மட்டும் எவரும் போற்றாமல் இருக்க முடியாது.

பாட்டும் குடும்பமும்

பதினாறாம் வயதாகிய 1424 தொடங்கி, 1503-இல் இறைவனடி சேரும் வரையில், நாளொன்றுக்கு ஒரு கீர்த்தனையேனும் பாடுவதை அவர் நோன்பாகக் கொண்டிருந்தார். முப்பத்தீராயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு.

இவர் துறவி அல்லர், இல்லறத்தில் வாழ்ந்தவர். மனைவியர் இருவர்: திம்மக்கா, அக்கலம்மா. திம்மக்கா வெறும் துணைவியாக மட்டும் இருந்துவிடவில்லை. ‘சுபத்திரா கல்யாணம்’ என்னும் காவியத்தை அவர் இயற்றினார். தெலுங்கின் முதல் பெண்பாற் புலவர் இவரே என்று அறிஞர் பலர் கூறுவர். அக்கலம்மாவின் மகன் பெத்த திருமலாச்சாரியார். தந்தை தம் இறுதிக் காலத்தில் அவரை அழைத்து, நாள்தோறும் ஒரு கீர்த்தனை பாடும் நோன்பை விடாது காக்குமாறு பணித்தார் என்று சொல்வர். மகனும் பாடினார், அவர் மகன் சின்ன திருமலாச்சாரியாரும் பாடினார். கீர்த்தனைக்கு இலக்கணம் வகுத்து அன்னமய்யா வடமொழியில் எழுதிய நூல் மறைந்துவிட்டது. பேரன் சின்ன திருமலாச்சாரியார் அதனைத் தெலுங்கில் செய்து வைத்தமையால் அதன் பொருள் மட்டும் நமக்குக் கிடைத்தது.

மற்றொரு பேரனாகிய சின்னன்னா செய்த செயல் இன்னும் நெகிழ்ச்சி தருவது. தம் பாட்டனாரின் வாழ்க்கையை ஈரடிச் செய்யுளில் வரலாறாகப் பாடி வைத்தார். புல்லறுத்த சிறுவனையும், தாயார் ஊட்டிய அமுதையும், அரசன் இட்ட விலங்கையும் நாம் இன்று அறிவது அந்தப் பேரனால்தான். பிற்காலத்தில் அந்நூலை வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் ஆராய்ந்து பதிப்பித்தார்.

ஓலையும் செம்பும்

பெத்த திருமலாச்சாரியார் நினைத்திருந்தால் தந்தையின் பாடல்களை ஓலையில் எழுதி வைத்துக் கடமை முடிந்தது என்று அமர்ந்திருக்கலாம். ஓலையின் ஆயுள் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாததா? தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் அரித்த கதையைத் தமிழர் மறக்க முடியுமா? எஞ்சியவற்றையே இராசராச மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டுத் தந்தனர். பண் மறந்துபோயிற்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியே அதனை மீண்டும் உணர்த்தினாள் என்று நம் முன்னோர் சொல்லி வந்துள்ளனர். திவ்வியப் பிரபந்தமும் அவ்வாறே மறைந்திருந்து நாதமுனிகளால் வெளிப்பட்டது. அவர் தம் மருகர் இருவரைக் கொண்டு அதனை இசையுடன் பாடச் செய்தார். அங்கும் காத்தது ஒரு குடும்பமே.

தாள்ளப்பாக்கத்து மகன் செம்பைத் தேர்ந்தார். பொருட்செலவைப் பாராமல், பதினாறாம் நூற்றாண்டில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செப்பேடுகளில் பாடல்களை வெட்டுவித்துச் சந்நிதிக்கு அருகிலேயே அறை அமைத்து வைத்தார். பக்திப் பாடல்கள், சிருங்காரப் பாடல்கள் என இரு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ராகத்தின் பெயரையும் பொறித்தார்.

அதற்குப் பின் காலம் தன் திரையை இறக்கியது. 1816-இல் தெலுங்கு இலக்கணம் எழுதி வெளியிட்ட காம்பெல் துரை இச்செப்பேடுகளைக் குறிப்பிட்டிருக்கிறார். எனினும் 1922-ஐ ஒட்டிய காலத்திலேதான் அவை வெளியே எடுக்கப்பட்டு ஆராயப்பெற்றன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலிய அறிஞர்கள் எழுத்தெழுத்தாகப் படித்தனர். தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. முப்பத்தீராயிரத்துள் கிடைத்தவை ஏறத்தாழப் பதினாலாயிரம்.

செம்பு சொல்லைக் காத்தது; மெட்டைக் காக்கவில்லை. ராகத்தின் பெயர் இருந்ததேயன்றிச் சுரக்குறிப்பு இல்லை. பாடிய தொண்டைகளோடு மெட்டும் மண்ணாயிற்று. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா அவர்கள் பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்தார். 1978-இல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கியது. மதுரையிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடித் தந்த இசைத்தட்டுகளால் அக்கீர்த்தனைகள் தமிழ் வீடுகளிலும் விடியற்காலையில் ஒலிக்கத் தொடங்கின. 2025-இல் மறைந்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு மெட்டமைத்துப் பாடினார். இவர்கள் தந்தவை இனியவை. எனினும் அன்னமய்யா பாடிய மெட்டு எதுவென்று இனி ஒருவரும் சொல்ல இயலாது.

நம் வீட்டுப் பண்டாரம்

இனி, தொடக்கத்தில் சொன்ன காரணத்திற்கு வருகிறேன். என் தாயார் ஆற்காட்டுப் பக்கத்தவர். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவர். பாகாலாவில் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்த காலத்தில், தொட்டிலை ஆட்டும்போதும், அரிசி புடைக்கும்போதும், தாமே இட்டுக்கட்டிப் பாடிக்கொண்டிருப்பார். அப்பாட்டில் எங்கள் பெயர்கள் வரும். அன்று நேரம் தவறி வந்த வண்டி வரும். அப்பாவின் இரவு வேலையும் வரும். பக்கத்துக் குடியிருப்புத் தெலுங்குப் பெண்களும் பொருள் முழுதும் விளங்காமலே வாசலில் அமர்ந்து கேட்பார்கள். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. ஒரு பாட்டையேனும் நான் எழுதி வைக்கவில்லை. நாள் முழுதும் பேரேடுகளில் சரக்கின் எடையையும் கட்டணத்தையும் எழுதிய என் கைக்கு, தாயின் பாட்டை எழுத ஒரு மாலைப்பொழுது கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு என் தமக்கையார் வந்திருந்தபோது, ஒரு தாலாட்டின் முதற்பாதியை நினைவுகூர்ந்து பாடினார். பிற்பாதி இருவருக்கும் வரவில்லை. அருகில் இருந்த என் மகள் அதைத் தன் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். தமிழ்ச் சொற்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். முதலில் என் மனம் நொந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். எந்த எழுத்தாயினும் எழுதி வைத்தவள் அவள். தமிழ் எழுத்துத் தெரிந்தும் எழுதாதிருந்தவன் நான்.

அன்று இரவே அவளுக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். அந்தப் பாதித் தாலாட்டைத் தமிழ் எழுத்தில் தானே எழுதிவிட்டாள் இப்போது.

பெரியோர்களே, தாய்மார்களே! நம் வீடுகளில் இன்னும் பாடும் பாட்டிமார் இருக்கின்றனர். செம்பு வேண்டா, ஒரு குறிப்பேடு போதும். அன்னமய்யா காலத்தில் இல்லாத வசதியாக, மெட்டையும் பிடித்து வைக்கும் கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசியாக இருக்கிறது. பேரனோ பேத்தியோ பாட்டியின் அருகில் அரைமணி அமர்ந்தால் போதும். அடுத்த ஆண்டு விழாவில் அப்பாடல்களை நம் பிள்ளைகள் மேடையில் பாடக் கேட்போமாக.

பாடுவதும் காப்பதும் ஆகிய இரண்டனுள் எது பெரிது என்னும் வினாவுக்கு விடை எனக்குக் கிடைத்துவிட்டது. பாடுவது அருள் பெற்ற சிலருக்கே இயலும். காப்பது நம் எல்லோருக்கும் இயலும். இயன்றதைச் செய்யாதிருப்பதே பெருங்குறை. அக்குறை என்னோடு ஒழிக!